மாலைக் கல்லூரியில் ஒரே ஓர் இடம்

"பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க என்ன தகுதி வேணுங்க மேடம்?"

கேட்டவர் ராமையா. படிக்க ஆசைப்பட்டதோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சீனித்தாய்.

மாலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறைக்குத் தலைவர் ஹமீதா. சீனித்தாயைவிட வயதில் சின்னவர். சேர வருகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்காமல் யாரையும் சேர்க்கமாட்டார் என்று ஊரில் பெயர்.

"பிளஸ் டூ முடிச்சிருக்கணும். எந்த குரூப்பா இருந்தாலும் சரி. மூணு வருஷமும் ஒழுங்கா வகுப்புக்கு வரணும். அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது."

"இவ போன வருஷந்தான் பிரைவேட்டா எழுதி பாஸ் பண்ணா மேடம். அட்டெண்டன்ஸுக்கு நான் பொறுப்பு. தினமும் வண்டியில கொண்டாந்து விட்டுருவேன்."

"இன்னொரு தகுதியும் வேணும்."

"என்ன மேடம் அது?"

ஹமீதா சீனித்தாயைப் பார்த்தார். சீனித்தாய் ராமையாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க. நாளையோட அட்மிஷன் முடியுது. ஒரே ஒரு சீட்தான் பாக்கி."

வீட்டுக்கு வந்ததும் ராமையா பீரோவைத் தலைகீழாகப் புரட்டினார். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒரு பையில் திணித்தார். அந்த இன்னொரு தகுதி இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

தங்கமான மனுஷர். சீனித்தாய் பிளஸ் டூவுக்குப் படித்த வருஷம் முழுக்க வீட்டில் சோறு வடித்தது அவர்தான். "இந்த வயசுல என்னய்யா படிப்பு?" என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டதற்குப் பாதி டீயை வைத்துவிட்டு வந்தவர். இப்படிப்பட்டவர்மேல் யாருக்குக் கோபம் வரும்? எனக்கு வரவில்லை.

மறுநாள் வண்டியை நிறுத்தும்போது அவர் சொன்னார்: "நீ ஒண்ணும் பயப்படாத. நான் பேசிக்கிறேன்."

உள்ளே போனார்கள்.

"உங்க பேரு என்னம்மா?" என்று ஹமீதா சீனித்தாயிடம் கேட்டார்.

"சீனித்தாய்ங்க," என்றார் ராமையா.

"எதுக்காக இந்தப் பாடம்?"

"எங்க ஊரு பஞ்சாயத்துக்கு அஞ்சு வருஷம் தலைவரா இருந்தா மேடம். பெண்களுக்கு ஒதுக்குன ஊரு. அதான், சட்டத்த எல்லாம் முறையாத் தெரிஞ்சுக்கிடலாமேன்னு."

"தலைவரா இருந்தது யாரு?"

"நாங்கதாங்க."

ஹமீதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கிராம சபைக் கூட்டத்துல யாரு பேசுவீங்க?"

"நான் பேசிருவேன். இவளுக்குக் கூட்டம்னாலே நடுக்கம். எவனாவது எகத்தாளமா ஒரு வார்த்தை சொல்லிட்டா அன்னிக்குப் பூரா சாப்பிட மாட்டா." அவர் குரல் தணிந்தது. "என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது மேடம்."

சீனித்தாய் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"வெந்நீர்தான் குடிப்பா." ராமையா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள்.

"கிராம சபைக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"சபைன்னா ஊருல ஓட்டு இருக்கிற எல்லாரும் மேடம். மன்றம்னா அந்த ஓட்ட வாங்கி ஜெயிச்சவங்க."

"நல்ல பதில். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"நானும் பிளஸ் டூதான். அந்தக் காலத்துலயே."

ஹமீதா எழுந்தார். அலமாரியிலிருந்து முதல் வருஷப் பாடப்புத்தகங்களை எடுத்துவந்து ராமையாவின் மடியில் வைத்தார்.

"திங்கட்கிழமை சாயங்காலம் முதல் வகுப்பு. வந்துருங்க."

"கரெக்டாக் கொண்டாந்து விட்டுர்றேன் மேடம்."

"யாரையும் விட வேண்டாம். நீங்க வந்தாப் போதும். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது நீங்கதானே? சீட்டு உங்களுக்குத்தான்."

ராமையா சிரித்தார். ஹமீதா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ராமையாவின் சிரிப்பும் நின்றுபோனது.

"மேடம், ஆசைப்பட்டு வந்தது இவ மேடம்."

"அப்படியா? அவங்க என்கிட்ட சொல்லலையே."

ராமையா மனைவி பக்கம் திரும்பினார். என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்பதுபோல அவர் பார்த்தது, அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஹமீதா அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"அது என் இடம்."

குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது. மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஹமீதா காத்திருந்தார்.

"என் இடத்த அவருக்குக் குடுத்துராதீங்க," என்றாள் சீனித்தாய். "ஒருநா பாண்டியம்மாக்கா தெருவுக்குக் குழாய் வேணும்னு என்கிட்ட வந்து கேட்டாங்க. அவரு வந்ததும் கேளுங்கக்கான்னேன். அந்தக்கா என்னயே பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. தலைவர் நாற்காலியில நான்தான் மேடம் உக்காந்திருந்தேன். என்னால என்ன முடியும்னே எனக்குத் தெரியல. அதத் தெரிஞ்சுக்கிடணும்."

சொல்லி முடித்ததும் அழுதாள். ராமையாவுக்கும் கண் கலங்கியது. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடிக்கு மாற்றினார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீ பேசு சீனி. நான் வெளிய நிக்கிறேன்."

சீனித்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்து மறுபடி உட்காரவைத்தாள்.

"எங்க போறீங்க? இங்கனயே இருங்க. நான் பேசி நீங்களும்தான் கேட்டதில்ல."