பட்டியலில் இல்லாத பெயர்

எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் வேதநாயகம், கொள்ளைநோய்க் காய்ச்சல் பரவினால் என்ன செய்வது என்று நூறு பக்கத்தில் திட்டம் போட்டு, அதற்கு ஒத்திகை நாளும் குறித்தார். அத்தியாவசிய ஊழியர் என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. அதில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான் தடுப்பூசி. முப்பது வருடமாகத் தினமும் காலையில் வால்வு திறந்து எல்லாக் கட்டடத்துக்கும் தண்ணீர் விட்ட என் பெயர் இல்லை. நானோ மூச்சிரைப்புக்காரன்.

போய்க் கேட்டேன்.

"வால்வு திருகுறவன்லாம் அத்தியாவசியமாய்யா? ஒத்திகை அன்னைக்குப் பட்டியல்ல இல்லாத எவனும் கேட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார்.

"உத்தரவுங்க ஐயா," என்று திரும்பினேன்.

ஒத்திகையன்று வீட்டிலேயே இருந்தேன். அங்கே துணைவேந்தர் முன்னால் கை கழுவும் முறையைக் காட்ட, பதிவாளர் முழங்கை வரை சோப்பு போட்டுவிட்டுக் குழாயைத் திறந்திருக்கிறார். காற்றுதான் வந்திருக்கிறது. எழுத்தர் எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் பதிவாளர் முன்னால் நீட்டினார்.

"முத்திருளா, உடனே வந்து தண்ணியைத் திறய்யா."

"பட்டியல்ல இல்லாதவன் வரக்கூடாதுங்களே ஐயா."

"கையெல்லாம் சோப்புய்யா. துணைவேந்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறார்."

"போன வாரம் என்னைக் கைகழுவுனீங்களே ஐயா, அந்தத் தண்ணியில மிச்சம் இல்லீங்களா?"

துணைவேந்தர் சிரித்தது எனக்கே கேட்டது. பட்டியலை வாங்கி, எல்லார் பெயருக்கும் மேலே அவரே என் பெயரை எழுதினாராம்.

அந்த வரிசைப்படியே ஊசி போட்டார்கள். வேதநாயகம் எனக்குப் பின்னால் நின்றார். நான் சட்டைக் கையை மெதுவாகத்தான் மடித்தேன்.