பதினொரு மணி வினாத்தாள்

செண்பகவடிவுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்குக் கணினி சொல்லித்தரும் குரு ஹாஜிராவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கற்றுக்கொள்ள வந்த பிறகு வயதாவது ஒன்றாவது!

பார்வையற்றோர் பள்ளியின் அச்சு அறையில் செண்பகவடிவுக்கு வேலை. அன்று பதினொரு மணிக்குக் கணக்குப் பரீட்சை. கேள்விகளைக் கணினியில் எழுத உதவும் எடிட்டரில் தட்டி வைத்திருந்தாள். எடிட்டருக்குள்ளேயே அவள் முதன்முதலாக எழுதிய குட்டி ஸ்கிரிப்ட் ஒன்று, அதாவது நாலைந்து வரிக் கட்டளை, அவற்றை வேறொரு புரோகிராமுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் புரோகிராம் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தந்தால்தான் அச்சு.

அனுப்பினாள். பதில் இல்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை, பாவி.

காதில் விழவில்லையோ என்று மறுபடியும் அனுப்பினாள். அதையும் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்தது. மணி பத்தே கால். ஹாஜிராவின் அறைக்கு ஓடினாள்.

"மிஸ், அனுப்புறதையெல்லாம் வாங்கிக்குது, வாயைத் திறக்க மாட்டேங்குது!"

ஹாஜிரா தலையசைத்தாள்.

"பத்தொன்பது பிள்ளைங்க மிஸ். வெறும் பெஞ்சைத் தடவிக்கிட்டு உட்காரப் போகுதுங்க."

அதற்கும் தலையசைப்புதான்.

"புரோகிராம் பேரு சரியாத்தான் இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

ஹாஜிரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. செண்பகவடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன.

"ஏன் மிஸ் இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன், அவ்வளவுதான்!"

"இதுக்குத்தான் அக்கா காத்திருந்தேன்," என்றாள் ஹாஜிரா. "அவ்வளவுதான்னு அந்தப் புரோகிராம்கிட்ட சொன்னீங்களா?"

செண்பகவடிவு அச்சு அறைக்கு விழுந்தடித்து ஓடினாள். இன்னும் கேள்வி வரும் என்று காத்துத் தொங்கிக்கிடந்த புரோகிராமை நிறுத்தினாள். கேள்விகளை அனுப்பும் வரிக்குக் கீழே, அனுப்புவது முடிந்தது என்று சொல்லும் ஒற்றை வரியைச் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள். அவள் மூச்சு விடுவதற்குள் பிரெய்ல் வந்து விழுந்தது. இயந்திரம் தடதடவென்று புள்ளி குத்த ஆரம்பித்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பத்தொன்பது தாளும் பிள்ளைகளின் விரலுக்கு அடியில் இருந்தன. ஹாஜிராவிடம் திரும்பி வந்தவளுக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை.

"நான் அவ்வளவுதான்னு சொல்லாமலே இருந்திருந்தா? பிள்ளைங்க கதி என்ன மிஸ்?"

"எனக்கும் பயந்தான் அக்கா. ஆனா நீங்க முடிக்கிறதுக்கு முன்னாடி நான் பதில் சொல்லியிருந்தா, அது உங்க பாதிக் கேள்விக்குத்தானே பதில்?"