இரவல் காய்ச்சல்

செங்கோடன் இந்தக் கதையைப் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் சித்தப்பா கருப்பணன். ஊரில் புத்திசாலி என்று பேரெடுத்தவர். சந்தேகப்பட அது ஒன்றே போதும். ஆனாலும் இந்த ஐம்பத்துச் சொச்சம் வயதில், பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் செங்கோடனுக்குத் தோன்றும்: நடந்திருக்கும், நானும் அந்த ஊர்க்காரன்தானே.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கொழுஞ்சிப்பாளையத்துக்கு நர்ஸம்மா தடுப்பூசி போட வந்தார். ஊசி குத்தினால் பிள்ளைக்குக் கை வளராது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. துணிந்தவர்கள் செங்கோடனின் அப்பா நாச்சிமுத்துவும் பக்கத்து வீட்டுப் பழனியப்பனும்தான்.

"காய்ச்சல் வந்தாலும் வரும், வராமலும் இருக்கும். வந்தா பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு வெச்சுக்குங்க. நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா சைக்கிளில் ஏறினார்.

சாயங்காலமே பழனியப்பன் மகன் ராசுவுக்கு உடம்பு கொதித்தது. அந்த வீட்டில் சந்தோஷத்தில் பணியாரம் சுட்டார்கள். செங்கோடனோ ஜில்லென்று சிரித்துக்கொண்டு கிடந்தான்.

"நம்ம பையனுக்கு மருந்து பிடிக்கலை. வெறும் தண்ணியைக் குத்திக்கிட்டான்னு ஊரே சிரிக்கும்" என்று நாச்சிமுத்து தலையில் கைவைத்தார்.

"பக்கத்து வீட்டுல காய்ச்சல் இருக்குதில்ல? ஒரு பொழுதுக்கு இரவல் கேளுண்ணா" என்றார் கருப்பணன்.

"காய்ச்சலை மட்டும் தனியாத் தருவானா?"

"பிள்ளையோடதான் தருவான். பதிலுக்கு நம்ம பிள்ளையை அங்க விடு."

பழனியப்பன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: "கொடுத்த சூட்டோட திருப்பித் தரணும்."

மறுநாள் நர்ஸம்மா வந்தார், நாச்சிமுத்து வீட்டில் கிடந்த ராசுவின் நெற்றியைத் தொட்டார், மருந்து கொடுத்தார். அவர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

நாச்சிமுத்து திருப்பிக் கொண்டுபோன பிள்ளையைப் பழனியப்பன் வாங்க மறுத்தார். "என் பிள்ளை சூடா இருந்தான். இது ஜில்லுன்னு இருக்குது. இது உன் பிள்ளை."

"என் பிள்ளை உன் வீட்டுல இருக்கானப்பா!"

"அவனும் ஜில்லுன்னுதான் இருக்கான். அப்போ ரெண்டும் உன் பிள்ளைதான்."

நாச்சிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் அம்மாக்கள் இருவரும் வந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"பெத்தவங்க சொல்றது பாசம். அது சாட்சி ஆகாது" என்று கருப்பணன் குறுக்கே நின்றார். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்.

பிள்ளை திரும்பியது, காய்ச்சல் திரும்பவில்லை. பழனியப்பன் கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினார். ராசு இன்றைக்கும் செங்கோடனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன வாரம் செங்கோடன் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் உடம்பு அனலாகக் காய்ந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனார். அந்தக் கதை உண்மைதானா என்று இன்றைக்காவது கேட்டுவிடுவது என்று முடிவுசெய்துதான் போனார். வாயைத் திறந்ததும் வந்தது வேறு:

"சித்தப்பா, சூடு இறங்கறதுக்குள்ள போகணும். ராசு இப்போ வீட்டுல இருப்பாரா?"