ஆயருக்கு வைத்த கேக்

சீட் கிடைப்பதே குதிரைக்கொம்பான, கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் கல்லூரி அது. அதன் விடுதியில், திருவிழாவுக்கு வரும் மறைமாவட்ட ஆயருக்காக வைத்திருந்த கேக்கை யாரோ தின்றுவிட்டார்கள்.

வார்டன் ஃபாதர் இன்னாசி, சமையலறைப் பக்கம் நின்ற முதலாண்டு மாணவன் செலஸ்டினைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாம இங்க ஒரு ஈ பறக்காது. யாருன்னு சொல்லு, இல்லேன்னா பெட்டியக் கட்டு!"

"சொல்றேன் ஃபாதர். ஆனா பாவசங்கீர்த்தனத்துலதான் சொல்வேன்."

ஜெயித்துவிட்ட சிரிப்போடு ஃபாதர் கோயிலுக்குள் போய், பாவங்களை ஒப்புக்கொள்வோரிடம் கேட்கும் இருக்கையில் உட்கார்ந்தார். செலஸ்டின் முழங்காலிட்டான்.

"நான்தான் ஃபாதர்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லவும் கூடாது, அதை வைத்துத் தண்டிக்கவும் கூடாது. மறுநாள் மெஸ்ஸில் செலஸ்டின் வாயெல்லாம் பல்லாக வணக்கம் வைத்தான். ஃபாதர் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே செலஸ்டினின் அறைத்தோழன் லூர்தனின் கட்டிலுக்கடியில் காலி கேக் பெட்டி அகப்பட்டது. பிரின்சிபால் அவனை வெளியேற்றினார். 'அவன் இல்லை' என்றுகூட ஃபாதரால் சொல்ல முடியவில்லை. லூர்தனின் இரும்புப் பெட்டியை அவரே பஸ் ஸ்டாண்டுவரை சுமந்து போனார்.

திரும்பி வந்து, மெஸ்ஸில் செலஸ்டின் எதிரே வெகுநேரம் நின்றார்.

வாய் திறக்க முடிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.