மில் கேட்டில் வாங்கிய சம்மதம்

"முந்நூறு பேரும் சம்மதிச்சுட்டாங்க. ஒருத்தர்கூட மறுக்கல. அப்புறமும் ஏன் அனுமதி தர மாட்டேங்கறீங்க?"

டாக்டர் குணசீலனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. பஞ்சுத் தூசியால் வரும் இருமலுக்கு ஒரு புது மாத்திரை. அதை நூல் மில் தொழிலாளர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கு நல்லது செய்யலாம், ஈரலைக் கெடுத்தும் விடலாம். எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே.

அனுமதி தர வேண்டியவர் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிக் குழுவின் தலைவி கோகிலவாணி. குணசீலனைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் டாக்டர்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், கொஞ்சம் பயத்தோடு.

"எங்க வெச்சுக் கையெழுத்து வாங்குனீங்க?"

"மில் கேட்லதான் டீச்சர். ஷிப்டுக்கு உள்ள போறப்போ, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்துல. இருபதே நிமிஷம்!"

பெருமை வேறு.

"நாளைக்குக் காலையில நானும் வர்றேன்."

மறுநாள் கோகிலவாணி பதிவேட்டை ஒட்டி ஒரு கட்டுத் தாள்களை வைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சங்கு ஊதியது. மேஸ்திரி, "ம், ம், சீக்கிரம்" என்று விரட்டினார். பதிவேட்டிலும் தாளிலும் கையெழுத்துப் போட்டபடி வரிசை மளமளவென்று நகர்ந்தது.

கடைசி ஆளாக ருக்குமணி என்ற பெண் கையெழுத்துப் போட்டாள். கோகிலவாணி தாள்களை எடுத்துக் குணசீலனிடம் நீட்டினார்.

ஒவ்வொன்றிலும் ஒரே வரி: 'இந்த மாத்திரை ஆய்வில் சேர எனக்கு விருப்பமில்லை.'

அதே முந்நூறு பேர்.

"டீச்சர், இவங்களேதான அன்னிக்கு..."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

குணசீலன் ருக்குமணியை நிறுத்தினார். "எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார். போடாட்டி உள்ள விட மாட்டாங்களே."

குணசீலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னவோ ஏதோவென்று மேஸ்திரி கிட்டே வந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் குணசீலன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வீடு எங்கம்மா? வர்ற ஞாயித்துக்கிழமை வந்து, என்ன ஏதுன்னு உக்காந்து சொல்லட்டுங்களா?"

ருக்குமணி மேஸ்திரியைத் தேடினாள். அவர் தூரத்தில் இருந்தார். சற்று யோசித்தாள்.

"இந்த ஞாயிறு வேண்டாமுங்க. பொண்ணுக்குச் சீர் இருக்குதுங்க."

முந்நூறு பேரில் ஒருத்தர் வாய் திறந்து சொன்ன முதல் 'வேண்டாம்'. குணசீலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.