நாடியுள்ள வாழைப்பழம்

பஞ்சாலைச் சங்கின் ஊளை பூவாத்தாளின் காதில் இன்னும் இருக்கிறது. அது ஊதினால் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். ஒரு நாள் அவள் மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் "கிய்ங்" என்றது. நாடி சரியில்லை, வேலைக்குத் தகுதியில்லை என்று அதில் சிவப்பாக எழுத்து வந்தது.

அந்தக் கடிகாரம் செய்யும் கம்பெனியில்தான் அவள் தரை துடைத்தாள். அன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆர்டர் கொடுக்க வந்திருந்தார்கள்; அவர்களுக்குக் காட்டத்தான் கடிகாரத்தை அவள் கையில் கட்டியிருந்தார்கள். எதிர்த்தெருக் கம்பெனி முதலாளியும் தான் செய்த கடிகாரத்தோடு போட்டிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா, டாக்டருக்கு முன்னாடி எங்க கடிகாரம் நோயைப் பிடிச்சிருச்சு," என்றார் முதலாளி தாமோதரசாமி. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்மா."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்."

"நீ பொய் சொல்லுவே, கடிகாரம் சொல்லாது. அதுவும் பொய் சொல்லும்னு காட்டு, வேலையில இருந்துக்கோ."

துடைக்கும் துணிமேல் கிடந்தபோதும் அது நாடி காட்டியதைக் காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். கடிகாரத்தைக் கழற்றி, பூஜைத் தட்டில் ஊதுபத்தி குத்தியிருந்த வாழைப்பழத்தின் இடுப்பில் கட்டினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நாடி எழுபத்திரண்டு, உடல்நலம் நன்று.

"எனக்குப் பதிலா இதை வெச்சுக்கங்க சார். தரை துடைக்காது, ஆனா உடம்பு நல்லா இருக்குது."

எதிர்த்தெருக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார்.

"உங்களதையும் குடுங்க சார், தட்டுல இன்னொரு பழம் இருக்குது."

அவர் சிரிப்பை நிறுத்தி, கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூவாத்தாள் இன்னும் அதே கட்டிடத்தில்தான் தரை துடைக்கிறாள். இப்போது அது ஜவுளிக்கடை.