பேராசிரியர் கேட்ட மேற்கோள்

தாழ்வாரத்தில் டக்டக்கென்று பூட்ஸ் சத்தம். சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வு மாணவி மரகதவல்லி நிமிர்வதற்குள் மரபணுவியல் பேராசிரியர் தில்லைநாயகம் வந்து நின்றார்.

"உன் நெல் மரபணுக் கட்டுரையில என் கட்டுரை அத்தனையையும் மேற்கோள் காட்டணும். ஒண்ணை விட்டாலும் உன் முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்து கிடையாது!"

"அதுல நீங்க எழுதின முறை எதுவும் இங்க பலிக்கலையே சார்?"

"பலிச்சா என்ன, பலிக்காட்டி என்ன? என் மேற்கோள் எண்ணிக்கை ஏறணும், எனக்கு விருது வரணும்!"

"அப்படியே ஆகட்டும் சார்."

கட்டுரை தயாரானது. பேராசிரியர் வழக்கம்போல் மேற்கோள் பட்டியல் இருக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். அங்கே அவர் பெயர் அணிவகுத்து நின்றது! பூரித்துப்போய்க் கட்டுரைக்கும் பட்டத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை வெளியானதும் அவருடைய மேற்கோள் எண்ணிக்கை எகிறியது. விருதுக் குழுவே ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. குழுத் தலைவி கட்டுரையைப் பிரித்து உரக்க வாசித்தார்:

"பேராசிரியர் தில்லைநாயகம் எழுதிய முறைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். ஒன்றிலும் விதை முளைக்கவில்லை. ஆகவே வேறு வழி தேடினோம்."

குழுவினர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

"மரகதவல்லி! என்னம்மா இது?"

"நீங்க சொன்னபடிதான் சார். ஒண்ணைக்கூட விடலை."

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த குழாய்களைக் கழுவப் போனாள்.